உறைந்த கடலில் ஒரு வால்வு

கப்பலில் வேலை பார்த்தவன் என்று தெரிந்தால் போதும், எல்லோரும் புயலைப் பற்றித்தான் கேட்பார்கள். கல்யாணப் பந்தியில், கோயில் திருவிழாவில், கிளினிக்கில் நம்பருக்காகக் காத்திருக்கும்போது கூட. "அலை எவ்வளவு உயரம் வரும் அங்கிள்?" என்று பிள்ளைகள் கேட்கும். நானும் வங்காள விரிகுடாவில் பார்த்ததைக் கொஞ்சம் கூட்டியே சொல்லி வைப்பேன். உண்மையில் என் கை நடுங்கியது ஒரே ஒரு தடவைதான். அன்று கடலில் அலையே இல்லை. கடல் சிமெண்டுத் தரை மாதிரி கிடந்தது.

1998 பிப்ரவரி. எனக்கு 27 வயது. மலாக்காவில் கடல்சார் பயிற்சி முடித்து, சில வருடம் மலாக்கா நீரிணைக்குள்ளேயே ஓடும் சிறிய கப்பல்களில் கிடந்துவிட்டு, முதன்முறையாக ஐரோப்பியக் கப்பல் ஒன்றில் மூன்றாம் இன்ஜினியராக ஏறியிருந்தேன். 6,000 டன் சரக்கு ஏற்றும் கப்பல். ஜெர்மனியில் சரக்கை இறக்கிவிட்டு, பின்லாந்தின் வடபகுதியில் இருக்கும் கெமி துறைமுகத்துக்குக் காகித உருளைகள் ஏற்றப் போய்க்கொண்டிருந்தோம்.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். பால்டிக் கடல் வடக்கே ஒரு கையை நீட்டியிருக்கும். சுவீடனுக்கும் பின்லாந்துக்கும் நடுவே போகும் அந்தக் கைதான் போத்னியா வளைகுடா. அதன் உச்சியில், விரல் நுனியில் இருப்பது கெமி. பெரிய ஆறுகள் பல அங்கே வந்து கொட்டுகின்றன. பெருங்கடலின் உப்புநீர் அவ்வளவு தூரம் ஏறி வருவதில்லை. அதனால் அந்தக் கடல்நீரில் உப்பு மிகக் குறைவு; எங்கள் சமையல்காரர் நாக்கில் வைத்துப் பார்த்து, "உப்புப் போட மறந்த ரசம்" என்றார். நல்ல உப்புக்கடல் உறைய மைனஸ் 1.8 டிகிரி வேண்டும். இந்தத் தண்ணீர் பூஜ்யத்தைத் தொட்டதுமே உறையத் தொடங்கிவிடும். எவ்வளவு மிதமான குளிர்காலமானாலும் வளைகுடாவின் அந்த வடபகுதி வருடா வருடம் உறைகிறது.

ஒரு காலத்தில் குளிர் வந்தால் அந்த வடக்குத் துறைமுகங்களை இழுத்து மூடிவிட்டு வசந்தகாலம் வரை காத்திருப்பார்களாம். காகித ஆலைக்கும் இரும்பு ஆலைக்கும் அது கட்டுப்படியாகுமா? பின்லாந்தின் ஏற்றுமதியில் பெரும்பகுதி கடல் வழியாகத்தான் போகிறது. அதனால் பின்லாந்தும் சுவீடனும் சேர்ந்து, ஐஸ்பிரேக்கர் எனும் பனி உடைப்புக் கப்பல்களை வைத்துக்கொண்டு, குளிர்காலம் முழுக்க வழி திறந்து கொடுக்கின்றன. பின்லாந்தின் முதல் அரசு ஐஸ்பிரேக்கரான முர்தாயா 1890இல் வந்தது. பெயருக்கே உடைப்பவன் என்றுதான் பொருள்.

ஆனால் வழி கேட்டு வரும் எல்லாக் கப்பலுக்கும் உதவி கிடைத்துவிடாது. இதை நம் ஊரில் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். கப்பல்களுக்குப் பனி வகுப்பு என்று ஒன்று உண்டு. எங்கள் கப்பல் 'ஒன் ஏ'. அதாவது 80 சென்டிமீட்டர் பனியைக் கணக்கில் வைத்து உடல்தகடும் விலாச் சட்டங்களும் கட்டப்பட்டிருக்கும். இன்ஜினுக்கும் இவ்வளவு சக்தி வேண்டும் என்று கணக்கு உண்டு. குளிர் ஏற ஏற நிபந்தனையும் ஏறும். இன்று முதல் இந்தத் துறைமுகத்துக்கு இந்த வகுப்புக்கும் இத்தனை டன்னுக்கும் குறைந்த கப்பலுக்கு உதவி இல்லை என்று அறிவித்துவிடுவார்கள். முரட்டுத்தனமாகத் தெரியலாம். ஒரு நோஞ்சான் கப்பல் நடுவழியில் சிக்கிக்கொண்டால் அதற்குப் பின்னால் வரும் அத்தனை பேரும் மாட்டிக்கொள்வார்கள் அல்லவா?

எங்களுக்குக் கடக்க வேண்டிய புள்ளிகளை ரேடியோவில் கொடுத்தார்கள். அந்த இடத்துக்குப் போனோம். ஐஸ்பிரேக்கர் வந்தது. முன்னால் அது, பின்னால் நாங்கள், எங்களுக்குப் பின்னால் இன்னொரு சரக்குக் கப்பல். மூன்று பேரும் ஊர்வலம் புறப்பட்டோம்.

ஐஸ்பிரேக்கர் பனியைக் கத்தி மாதிரி வெட்டிக்கொண்டு போகும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அதன் மூக்கு சரிவாக, கரண்டியின் அடிப்புறம் மாதிரி இருக்கும். அது பனியின் மேல் ஏறுகிறது. ஏறியதும் அதன் எடை தாங்காமல் பனி கீழ்நோக்கி உடைகிறது. சிலவற்றில், பனி உடம்பில் ஒட்டி உராயாமல் இருக்க, நீருக்கடியில் பக்கவாட்டிலிருந்து காற்றுக் குமிழிகளை ஊதுவார்கள். இந்த மாதிரிக் கப்பல்களை நம் பக்கத்திலேயே கட்டியிருக்கிறார்கள் என்பது ஒரு வேடிக்கை. 2008 வாக்கில் சிங்கப்பூரின் கெப்பல் சிங்மரின் தளம், ரஷ்ய எண்ணெய் நிறுவனம் ஒன்றுக்காக இரண்டு ஐஸ்பிரேக்கர்களைக் கட்டிக் கொடுத்தது. 32 டிகிரி வெயிலில் வியர்வை சொட்டச் சொட்ட யாரோ அதற்கு வெல்டிங் வைத்திருப்பார்கள்.

பின்னால் போகும் கப்பல்களுக்கு ஒரே வேலை, சரியான தூரத்தைக் காப்பது. நெருங்கிவிட்டால், முன்னால் போகிறவன் பனிமேட்டில் முட்டித் திடீரென நிற்கும்போது நாம் போய் அவன் மேல் ஏறிவிடுவோம். விலகிவிட்டால், உடைத்த வழி நாம் போவதற்குள் மூடிக்கொள்ளும். பனி அசையாமல் கிடக்கும் என்று எண்ணாதீர்கள். காற்று அதைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. தட்டுத் தட்டாக ஒன்றன்மேல் ஒன்று ஏறி வரப்பு வரப்பாக நிற்கும். வெளியே தெரிவதைவிடத் தண்ணீருக்குள் பல மடங்கு ஆழம் இருக்கும். வேகமாகு, மெதுவாகு, நில், இடைவெளியைக் குறை என்று ஐஸ்பிரேக்கர் சொல்வதைத்தான் செய்ய வேண்டும். ரேடியோ போய்விட்டால் விளக்கிலோ ஹாரனிலோ சொல்வதற்கு ஒற்றை எழுத்துச் சைகைகள் உண்டு. என்னைப் பின்தொடர் என்பதற்கு 'ஜி', மெதுவாகு என்பதற்கு 'பி'.

இதெல்லாம் மேலே இருப்பவர்கள் சொல்லி எனக்குத் தெரிந்தது. இன்ஜின் அறையில் இருப்பவனுக்குக் கடல் தெரியாது. எனக்குத் தெரிந்தது சத்தம் மட்டும்தான். தகரக் கொட்டகைமேல் ஒரு லோரி செங்கல்லைக் கவிழ்த்தால் எப்படி இருக்கும்? அது நிற்காமல் எட்டு மணி நேரம் கேட்டால்? காதில் கவசம் மாட்டியிருந்தும் பல்லில் கேட்டது.

இனி அந்த வால்வு.

கப்பல் இன்ஜினைக் குளிரவைக்கக் கடல்நீர் வேண்டும். அதை உறிஞ்ச இரண்டு வாசல் உண்டு. ஒன்று கப்பலின் அடியில், மற்றொன்று பக்கவாட்டில் கொஞ்சம் மேலே. நான் தொழில் கற்றது கிள்ளான், பினாங்கு, பெலாவான். எல்லாம் சேறு. துறைமுகத்தை நெருங்கும்போது அடி வாசலை மூடிவிட்டு மேல் வாசலைத் திறக்க வேண்டும். இல்லையென்றால் சேற்றை உறிஞ்சிவிடும். முதல் கப்பலில் என் மண்டையில் குட்டிக் குட்டிச் சொல்லிக் கொடுத்த பாடம் அது. தூக்கத்தில் எழுப்பினாலும் செய்வேன்.

பனியில் கதையே வேறு. உடைந்த பனித்தூள் மேலேதான் மிதக்கும். மேல் வாசலைத் திறந்தால் அதுதான் உள்ளே வரும். அதனால் பனிக்கடலில் அடி வாசல்தான் திறந்திருக்க வேண்டும். இன்ஜினைச் சுற்றிச் சூடாகி வரும் தண்ணீரில் ஒரு பகுதியை அந்த வாசலுக்கே திருப்பிவிட்டு, சேரும் பனியைக் கரைத்துக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் தலைமை இன்ஜினியர் இதை ஆணைப் புத்தகத்தில் தெளிவாக எழுதியிருந்தார். போலந்துக்காரர், ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். எழுத்து மட்டும் அச்சடித்த மாதிரி இருக்கும். அதன் கீழே என் கையெழுத்து இருந்தது. படித்துவிட்டேன் என்பதற்கான கையெழுத்து. நான் படிக்கவில்லை.

இரவு 12 முதல் 4 வரை என் முறை. இரண்டே முக்காலுக்கு மேல்தளத்திலிருந்து போன் வந்தது. சில மணி நேரத்தில் பைலட் ஏறுவார், வருகைக்குத் தயாராகு என்றார்கள். வருகை என்ற சொல் காதில் விழுந்ததும் என் கை தானாக வேலையைத் தொடங்கியது. மேல் வால்வைத் திறந்தேன். கீழ் வால்வை மூடினேன். பெருமையாகக் கூட இருந்தது, யாரும் சொல்லாமலே செய்துவிட்டேன் என்று.

பத்து நிமிடம் ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் கடல்நீர் அழுத்தம் காட்டும் முள் மெல்ல இறங்கியது, ஏறியது, நடுங்கியது. பம்பின் சத்தம் மாறியது. வயிற்றில் கல்லைப் போட்டு ஆட்டுவது போன்ற சத்தம். வெப்ப எச்சரிக்கை மணி ஒன்று, இரண்டு, பிறகு எல்லாம் ஒன்றாக. எனக்குப் புரிந்துவிட்டது. ஓடிப்போய்க் கீழ் வால்வைத் திறந்தேன். அதற்குள் குழாயிலும் வடிகட்டியிலும் பனிக்கூழும் காற்றும் அடைத்துக்கொண்டன. பம்ப் தண்ணீரைப் பிடிக்கவே இல்லை. இன்ஜின் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்தது. பிறகு நின்றது.

எட்டு மணி நேரமாகக் கேட்ட அந்தச் செங்கல் சத்தமும் நின்றது. அந்த அமைதிதான் எனக்கு இன்றும் கனவில் வருகிறது.

மேலே நடந்ததை மறுநாள் பிலிப்பினோ இரண்டாம் அதிகாரி சொன்னார். நாங்கள் நின்றதைச் சொன்ன அடுத்த நொடியே ஐஸ்பிரேக்கர் எங்களுக்குப் பின்னால் வந்த கப்பலை நிறுத்தச் சொல்லிவிட்டதாம். அவன் முழு வேகத்தில் பின்னோக்கி இன்ஜினைத் திருப்பினான். பனிக் கால்வாயில் திரும்பவும் முடியாது, ஒதுங்கவும் முடியாது. எங்கள் பின்பக்கத்துக்கு இரண்டு மூன்று பஸ் நீளத்தில் வந்து நின்றான். அவனுடைய முன்விளக்கு எங்கள் பின்தளத்தில் ஆள் முகம் தெரிகிற அளவுக்கு வெளிச்சம் அடித்தது என்றார்.

தலைமை இன்ஜினியர் பைஜாமாவுக்கு மேல் குளிர்கோட்டைப் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். முதலில் மணிகளைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. வால்வுகளின் கைப்பிடி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்தார். அவ்வளவுதான். "ஃபில்டர்" என்றார். அடுத்து, "பேலஸ்ட்" என்றார்.

பேலஸ்ட் தொட்டியில் கப்பலின் எடைக்காக ஏற்றி வைத்திருக்கும் தண்ணீர் உண்டு. வெளியிலிருந்து உறிஞ்ச முடியாதபோது அதையே சுற்றவிட்டு இன்ஜினைக் குளிர்விக்கலாம். அதற்கான குழாயைப் புறப்படும் முன்பே அவர் சரிபார்த்து வைத்திருந்தார். அவர் அதைத் திறக்க, நானும் ஃபிட்டரும் வடிகட்டியைக் கழற்றினோம். ஃபிட்டர் தூத்துக்குடிக்காரர், என்னைவிட இருபது வயது மூத்தவர். மற்றவர்கள் முன்னால் என்னை 'சார்' என்பார், தனியாக இருந்தால் 'தம்பி'.

மூடியைத் திறந்ததும் நான் பார்த்தது ஐஸ் கச்சாங். பொய்யில்லை. கிள்ளானில் எங்கள் பள்ளிக்கு எதிரே சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிச் சீவிக் கிண்ணத்தில் குவிப்பார்களே, அதே ஐஸ். சிரப்பும் கடலையும்தான் இல்லை. அதைக் கையால் வாரி வாரி வாளியில் போட்டோம். கையுறை நனைந்ததும் பயனில்லை, கழற்றிவிட்டேன். சுடுநீரை ஊற்றினோம், மறுபடி வாரினோம். வெளியே மைனஸ் 20க்கும் கீழே. ஜெனரேட்டருக்கும் அதே கடல்நீர்தான். ஒன்று ஏற்கெனவே சூடாகி நின்றுவிட்டது. மற்றதும் போனால் விளக்குப் போகும், சூடு போகும், தளத்திலுள்ள குழாயெல்லாம் உறைந்து வெடிக்கும்.

அப்போதுதான் கப்பல் முனக ஆரம்பித்தது. காற்று தென்மேற்கிலிருந்து அடித்துக்கொண்டிருந்தது. உடைத்த கால்வாய் மூடி, பனி இரண்டு பக்கமும் கப்பலை அமுக்கியது. பழைய வீட்டில் மரப்படி அழுமே, அப்படி. சிக்கிய கப்பலைப் பனி அப்படியே தூக்கிக்கொண்டு காற்றுப் போகும் திசையில் நகர்த்திப் போகும். எதிரே ஆழம் குறைந்த இடம் இருந்தாலும் நிற்காது.

ஃபிட்டர் வாரிக்கொண்டே, "மேல் வால்வைத் திறந்தீங்களா தம்பி?" என்று மெதுவாகக் கேட்டார். ஆமாம் என்றேன். "நானும் ஒரு தடவ செஞ்சிருக்கேன்" என்றார். அது உண்மையா, எனக்காகச் சொன்னாரா என்று இன்றுவரை தெரியாது.

நான் அப்பாவை நினைத்துக்கொண்டிருந்தேன். கிள்ளான் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். என்னைப் பயிற்சிக்கு அனுப்ப அம்மாவின் தாலிக்கொடியைத் தவிர மற்றதெல்லாம் அடகுக் கடைக்குப் போனது. அதில் பாதிதான் அதுவரை மீண்டிருந்தது.

அரை மணிக்கு மேல் ஆனபிறகு பேலஸ்ட் தண்ணீர் ஓடத் தொடங்கியது. முள் ஏறி ஒரு இடத்தில் நின்றது. ஜெனரேட்டர் பிழைத்தது. பெரிய இன்ஜினை மெதுவாகத்தான் ஓட்ட முடியும் என்று தலைமை இன்ஜினியர் மேலே சொன்னார். ஐஸ்பிரேக்கர் அதற்குள் திரும்பி வந்துவிட்டது. எங்களுக்கு மிக அருகே, பக்கவாட்டில் உரசுவது போலக் கடந்து போனது. அப்படிப் போகும்போது பக்கத்துப் பனி உடைந்து, கப்பலை அமுக்கும் அழுத்தம் தளர்ந்துவிடும். முனகல் நின்றது. சேறு ஒட்டிய காலை யாரோ பிடுங்கி விட்டதுபோல் கப்பல் ஒரு தடவை ஆடியது.

பிறகு கட்டி இழுத்தார்கள். பால்டிக் ஐஸ்பிரேக்கர்களின் பின்பக்கத்தில் 'வி' வடிவத்தில் ஒரு பள்ளம் இருக்கும், சுற்றிலும் ரப்பர் மெத்தை. பின்னால் வரும் கப்பலின் மூக்கை அந்தப் பள்ளத்துக்குள் இழுத்து, கம்பிவடத்தால் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். இரண்டும் ஒரே கப்பல் மாதிரி போகும். காலை வெளிச்சம் வந்ததும் ஃபிட்டர் என்னை மேலே கூப்பிட்டார். முன்தளத்தில் போய் நின்று பார்த்தேன். எங்கள் மூக்குக்குக் கீழே, கை நீட்டினால் தொடுகிற மாதிரி, அவர்களுடைய பின்தளம். ஒரு ஆள் காபிக் கோப்பையோடு நின்றிருந்தான். இரவெல்லாம் எங்களால் அவனுக்குத் தூக்கம் போயிருக்கும். என்னைப் பார்த்துக் கோப்பையைக் கொஞ்சம் உயர்த்தினான். நான் துணி சுற்றிய கையை உயர்த்தினேன். சுற்றிலும் கண்ணுக்கு எட்டியவரை வெள்ளை, அதில் எங்களுக்குப் பின்னால் மட்டும் ஒரு கறுப்புக் கோடு.

கரை சேர்வதும் லேசில் முடியவில்லை. கப்பலுக்கும் துறைமுகச் சுவருக்கும் நடுவே உடைந்த பனி மூட்டை மூட்டையாகச் சிக்கிக்கொள்ளும். இழுவைப் படகு அதைத் தன் காற்றாடி வேகத்தால் அடித்து அடித்து வெளியேற்றியது. நாங்கள் கொஞ்சம் நெருங்குவோம், மறுபடி பனி வரும், மறுபடி அடிக்கும். கயிறு கட்டி முடிக்க மதியம் ஆகிவிட்டது.

கேப்டன் இன்ஜின் அறைக்கு வந்து என்ன நடந்தது என்று கேட்டார். தலைமை இன்ஜினியர், "பனி அடைத்துக்கொண்டது" என்றார். அது பொய் இல்லை. கேப்டன் போனதும் இன்ஜின் பதிவேட்டை என் பக்கம் தள்ளினார். "நீ எழுது. முழுவதும்." எழுதினேன். எத்தனை மணிக்கு எந்த வால்வை யார் திறந்தது, ஆணைப் புத்தகத்தில் என்ன இருந்தது, எல்லாம். விரல் நுனிகள் மரத்துப் போயிருந்ததால் எழுத்து கோணல்மாணலாக வந்தது. அவர் படித்துவிட்டுக் கையெழுத்திட்டார். மாதக் கடைசியில் கேப்டனும் அந்தப் புத்தகத்தில் கையெழுத்திட்டார். அதைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. மன்னித்தாரோ, அல்லது என்னைப் போலவே படிக்காமல் கையெழுத்துப் போட்டாரோ.

கெமியில் இரண்டு நாள் நின்றோம். சாம்போ என்ற பழைய ஐஸ்பிரேக்கரை அங்கே சுற்றுலாவுக்கு ஓட்டுகிறார்கள். காசு கொடுத்தால் பனியை உடைத்துக்கொண்டு போய், ரப்பர் உடை மாட்டிப் பனித்தண்ணீரில் மிதக்கவும் விடுவார்கள். இரண்டாம் அதிகாரி கூப்பிட்டார். எனக்குப் பனி போதும் என்று சொல்லிவிட்டேன்.

டெலிபோன் கார்டு வாங்கி வீட்டுக்கு அழைத்தேன். அங்கே பிற்பகல் மூன்று, கிள்ளானில் இரவு ஒன்பது. அம்மா குளிரைப் பற்றிக் கேட்டுவிட்டு அப்பாவிடம் கொடுத்தார். வால்வைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. 2004இல் அவர் தவறும்வரை சொல்லவில்லை. இன்ஜினில் கோளாறு, ஐஸ்பிரேக்கர் வந்து கட்டி இழுத்தது என்று மட்டும் சொன்னேன்.

துறைமுகத்தில் முப்பது வருடம் இருந்தவருக்கு ஒரே கேள்விதான். "இழுத்ததுக்கு எவ்ளோ சார்ஜ் பண்ணான்?"

தனியாக ஒன்றும் வாங்குவதில்லை என்று விளக்கினேன். துறைமுகத்துக்கு வரும் கப்பல்கள் கட்டும் கடல்வழிக் கட்டணத்திலேயே அது அடங்கிவிடும், நல்ல பனி வகுப்புக் கப்பலுக்கு அந்தக் கட்டணமும் குறைவு, வழியில் சிக்கினால் வந்து எடுத்துவிடுவது அவர்கள் வேலை என்று.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. கார்டில் காசு ஓடிக்கொண்டிருந்தது.

"டேய், சும்மா எவன்டா கயிறு போடுவான்? பில்லு பின்னால வரும், பாரு" என்றார்.